ஊருக்கு ஒரு புத்தகமா, ஆளுக்கு 24 பணிகளா?

வழக்கமாகப் படிப்பதை விட்டு வேறு வகை நூல்களுக்குள் வாசகரை இழுத்துப்போகக்கூடிய இரண்டு ஏற்பாடுகள் அமெரிக்காவில் பேர்பெற்றவை. ஒன்று 1998-இல் சியாட்டில் நகரில் நான்சி பேர்ல் என்ற நூலகர் தொடங்கிவைத்தது: ஊரே ஒரே புத்தகத்தைப் படித்து, கூடிப் பேச வேண்டும். மற்றது 2015-ஆம் ஆண்டுக்கென்று புக் ரயட் என்ற புத்தக இணையதளம் அறிவித்த 'ரீட் ஹார்டர்' சவால்: ஓராண்டில் 24 வாசிப்புப் பணிகள், எந்தப் புத்தகம் என்பது அவரவர் விருப்பம்.

சியாட்டில் முதலில் எடுத்துக்கொண்டது ரஸ்ஸல் பேங்க்ஸின் 'தி ஸ்வீட் ஹியராஃப்டர்' நாவல். பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிற்றூரின் கதையை நான்கு பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள். கனமான நாவல்தான். ஆனால் நாவல் படிக்கிறவர்களுக்கு அந்த வடிவம் புதிதல்ல. ஊருக்கே பொதுவாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது யாரும் முகம் சுளிக்காத புத்தகத்தின் பக்கமே கை போகும். அப்படியும் சண்டை வருவதுண்டு. 2002-இல் இதே முயற்சியில் இறங்கிய நியூயார்க்கில் இரண்டு நூல்களுக்கிடையே தேர்வுக் குழு பிளவுபட்டு, திட்டமே படுத்துவிட்டது.

'ரீட் ஹார்டர்' பட்டியலுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அறிவியல் புனைகதை, ரொமான்ஸ், கவிதைத் தொகுப்பு, சித்திரக்கதை, ஒலிநூல், 1850-க்கு முன் வெளிவந்த நூல், மொழிபெயர்ப்பு, ஆசியாவில் நடக்கும் கதை என்று முதல் ஆண்டிலேயே எல்லாப் பக்கமும் வலை வீசியது. இவற்றில் பாதி வகைமையே அல்ல என்பது வேறு விஷயம். ஒலிநூல் ஒரு ஊடகம், ஆசியா ஒரு நிலப்பரப்பு. போதாக்குறைக்கு, ஒரே புத்தகத்தைப் பல பணிகளுக்குக் கணக்குக் காட்டவும் விதி இடம் கொடுத்தது.

இரண்டையும் உரசிப் பார்க்க மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' வசதியான கல். பிரெஞ்சில் எழுதி வரையப்பட்ட, ஈரானில் வளர்ந்த சிறுமியின் தன்வரலாறு. ஆங்கிலத்தில் படிப்பவர் மொழிபெயர்ப்பு, சித்திரக்கதை, ஆசியா என்று ஒரே மூச்சில் மூன்று பணிகளை முடித்துவிடலாம். 2006-இல் சியாட்டில் நகரமும் பொது வாசிப்புக்கு இதையே தேர்ந்தெடுத்தது. கறுப்பு வெள்ளைப் படங்கள். முதல் பக்கத்தில் முக்காடிட்ட பத்து வயதுச் சிறுமி, பக்கத்தில் வகுப்புத் தோழிகளின் படம். கதை சொல்லும் சிறுமி அந்த இரண்டாவது படத்தில் ஓரமாக வெட்டுப்பட்டுப் போயிருக்கிறாள். சித்திரக்கதை படித்துப் பழகாதவர் எழுத்தை மட்டும் வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அந்த வெட்டை நின்று பார்க்கச் சொல்ல பக்கத்தில் ஒருவர் வேண்டும். கூடிப் படிக்கும்போது அப்படி ஒருவர் அகப்படுவார். தனியாகப் பணி முடிக்கிறவருக்குப் பட்டியலில் மூன்று கட்டங்கள் நிரம்பும், அவ்வளவுதான்.

நான்சி பேர்ல் சொன்ன இன்னொரு விதியும் புகழ்பெற்றது: ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா, மூடிவிடலாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ளலாம். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம் போதும். பழகிய வகைக்கு அருமையான விதி. புதிய வகைக்கு அதை அப்படியே வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. சித்திரக்கதையில் ஐம்பது பக்கம் அரை மணி நேரத்தில் ஓடிவிடும். கவிதைத் தொகுப்பில் அது பாதிப் புத்தகம். அறிவியல் புனைகதையிலோ, அந்த உலகத்தின் சட்டதிட்டங்கள் பிடிபடவே அவ்வளவு பக்கம் ஆகிவிடும். பிடிக்கவில்லை என்று நாம் சொல்வது பல நேரம் இன்னும் பிடிபடவில்லை என்பதுதான்.

துணிச்சலில் 24 பணிகளும் ஆழத்தில் ஒரே புத்தகமும் ஜெயிக்கின்றன. இரண்டில் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு சியாட்டிலுக்கு. நம் ஊரில் வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்கள் இரண்டையும் கலந்து பார்க்கலாம். ஆண்டுக்கு நான்கு வகைமை போதும். ஒவ்வொன்றிலும் எல்லோரும் படிக்க ஒரே புத்தகம். எதை என்று ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள். அந்த வகையில் ஊறிய ஒருவரைக் கூப்பிட்டு, தேர்வை அவரிடம் விட்டுவிடுங்கள்.