பின்வாசலும் அரச நகரமும்: வில்லியம் ஷெப்பர்டின் காங்கோ

கருப்பின மக்களின் வரலாற்றை நாம் படிக்கிற வாசிப்பு வட்டங்களில் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், பிளாக் பேந்தர்கள், கொஞ்சம் ஆழமாகப் போனால் டு பாய்ஸ். வில்லியம் ஹென்றி ஷெப்பர்ட் என்ற பெயர் வருவதே இல்லை. காரணம் புரிகிறது. அவர் ஒரு மிஷனரி. மிஷனரி என்றால் ஒரு கையில் பைபிளும் மறு கையில் துப்பாக்கியும் வைத்திருக்கிற வெள்ளைக்காரன் என்ற சித்திரம் நம் தோழர்கள் பலருக்கு இருக்கிறது. அந்த மிஷன் பள்ளிக்கூடம் இல்லையென்றால் எழுத்தே தெரிந்திருக்காது என்று சொல்லும் பாட்டிகளும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஷெப்பர்ட் இந்த இரண்டு சித்திரங்களுக்குள்ளும் அடங்க மாட்டார். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறோம்.

1931இல் பம்பாயில் காந்தியைச் சந்தித்த அம்பேத்கர், தனக்குத் தாயகம் என்று ஒன்று இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்தச் சந்திப்பைப் படித்திருக்கிற நமக்கு ஷெப்பர்டின் கதை சீக்கிரம் புரிந்துவிடும். பிறந்த மண் ஒருவனை மனிதனாக ஏற்காதபோது அவன் எங்கே போய் வீட்டைத் தேடுவான் என்ற கேள்விதான் அந்த வாழ்க்கை முழுவதும் ஓடுகிறது.

ஷெப்பர்ட் 1865 மார்ச்சில், உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், வர்ஜீனியா மாநிலத்தின் வேன்ஸ்பரோ ஊரில் பிறந்தார். அப்பா முடிதிருத்துபவர். விடுதலை பெற்ற கருப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் படித்தார், பிறகு அலபாமாவின் டஸ்கலூசாவில் இறையியல் படித்துப் போதகரானார். ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. தென்மாநிலங்களின் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையிடம் விண்ணப்பித்தார். அது இழுத்தடித்துக்கொண்டே இருந்தது. தகுதியில் குறை இல்லை. கருப்பர் ஒருவரை வெள்ளையரின் மேற்பார்வை இல்லாமல் அனுப்ப அந்தச் சபைக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். ‘ஆள் தயார், மேலே ஒருவர் வேண்டும்’ என்ற இந்த நியாயத்தை நம் ஊர் அலுவலகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் நாம் கேட்காததா?

கடைசியில் மேலே ஒருவர் கிடைத்தார். சாமுவேல் லாப்ஸ்லி, ஷெப்பர்டை விட வயதில் இளையவர், அலபாமாவின் வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தந்தையின் வழக்கறிஞர் தொழிலில் கூட்டாளியாக இருந்தவர் செனட்டர் ஜான் டைலர் மார்கன். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் காங்கோவை 1884இல் அமெரிக்கா அங்கீகரிக்க முன்னின்று உழைத்தவர் இந்த மார்கன். தென்மாநிலக் கருப்பின மக்களை மொத்தமாக அங்கே அனுப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. ஒரே கப்பலை இருவர் இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். செனட்டருக்கு அது வெளியேற்றம். ஷெப்பர்டுக்கோ அது முன்னோர்களின் நாட்டுக்குத் திரும்பும் பயணம்.

1890 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து இருவரும் புறப்பட்டார்கள். அடுத்த ஆண்டு கசாய் பகுதியின் லுவேபோவில் மிஷன் நிலையம் அமைத்தார்கள். 1892 மார்ச்சில் லாப்ஸ்லி காய்ச்சலில் இறந்துபோனார். மேற்பார்வையாளர் இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்று சபை தடுத்த அதே மனிதர், இப்போது மேற்பார்வையாளர் இல்லாமல் அந்த நிலையத்தைத் தாங்கி நின்றார்.

லுவேபோ மக்கள் அவருக்கு வைத்த பெயர் ‘முந்தேலே ந்தோம்’. கருப்பு வெள்ளைக்காரன் என்று பொருள். உடுப்பு, கையில் துப்பாக்கி, பேசும் மொழி எல்லாம் வெள்ளைக்காரனுடையவை, தோல் மட்டும் தங்களுடையது. முன்னோர் மண் என்று நினைத்து வந்தவருக்கு இந்தப் பெயர் எப்படி இருந்திருக்கும் என்று நாம் யோசித்துப் பார்க்கலாம். நகரத்தில் படித்து வேலைக்குப் போய்விட்டுச் சேரிக்குத் திரும்பும் நம் பிள்ளைகளைத் தெருவில் உட்கார்ந்திருக்கும் தாத்தா ஏற இறங்கப் பார்ப்பாரே, அந்தப் பார்வைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும்.

அதே 1892இல் நடந்த ஒரு சம்பவம் அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. லுவேபோவுக்கு அப்பால் கூபா அரசு இருந்தது (கரீபியன் கடலில் இருக்கும் கியூபாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அதன் தலைநகருக்கு அந்நியர்களுக்கு வழிகாட்டுபவர்களின் தலை போகும் என்பது அரசர் ஆணை. ஷெப்பர்ட் வணிகர்களிடம் அந்த மொழியைக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு ஊரிலும் முட்டை வாங்க வேண்டும் என்பார், அடுத்த ஊர்ச் சந்தைக்கு ஆள் அனுப்புவார், அந்தத் தடத்தைப் பிடித்துப் பின்னாலேயே போவார். இப்படி முட்டை தின்றே தலைநகரை நெருங்கினார். கடைசியில் அரசரின் ஆட்கள் வந்து பிடித்தார்கள். தண்டனை உறுதி என்றிருந்த நேரத்தில் அரசவை வேறொரு முடிவுக்கு வந்தது. கருப்புத் தோல், எங்கள் மொழி பேசுகிறான், வழிகாட்டாமலே வழி தெரிந்திருக்கிறது, ஆகவே இவன் இறந்துபோன எங்கள் பழைய அரசன் போப்பே மெகாபே, மறுபடி பிறந்து வந்திருக்கிறான்! ஷெப்பர்ட் மறுத்துப் பார்த்தார், அவர்கள் கேட்கவில்லை. அரச குடும்பத்தவராக நான்கு மாதம் அங்கே தங்கினார். நேரான சுத்தமான தெருக்களையும், நெய்த துணிகளையும், மரச் செதுக்கல்களையும், நீதிமன்ற முறையையும் குறிப்பெடுத்தார். 1893இல் லண்டனின் ராயல் ஜியாகிரபிக்கல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது.

இந்த இடத்தை நம்மில் சிலர் பெருமையோடு மட்டும் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுக்கு அதில் ஒரு நெருடலும் இருக்கிறது. கூபா மக்கள் அவரை ஏற்றது வேறொருவராக, செத்துப்போன ஒரு ராஜாவாக. அதை வீடு கிடைத்தது என்று சொல்லலாமா? பாதி வீடு என்று வேண்டுமானால் சொல்லலாம். அடிமை வம்சம் என்ற முத்திரையோடு வளர்ந்த ஒரு இளைஞனுக்கு அந்தப் பாதியே எத்தனை பெரியதாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஷெப்பர்டின் அழைப்பைக் கேட்டு வந்தவர்களில் மரியா ஃபியரிங்கை நாம் மறக்கவே கூடாது. 1838இல் அலபாமாவில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு, முப்பது வயதைத் தாண்டித்தான் எழுதப் படிக்கக் கற்றார். பிறகு உழைத்துச் சொந்தமாக ஒரு வீடும் வாங்கினார். அடிமையாக இருந்த ஒரு பெண் தன் பெயரில் வீடு வைத்திருப்பது என்றால் என்னவென்று பட்டாவுக்காகத் தாலுகா அலுவலகம் அலைகிற நம் அம்மாக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1894இல், 56 வயதில், காங்கோ போகிறேன் என்றார். வயதாகிவிட்டது, பணம் தர முடியாது என்றது சபை. அந்த வீட்டை விற்றுவிட்டுச் சொந்தக் காசில் கப்பல் ஏறினார். லுவேபோவில் அடிமைச் சந்தைக்குப் போன சிறுமிகளை உப்பும் மணிகளும் கொடுத்து மீட்டு, அவர்களுக்கு ஒரு இல்லம் நடத்தினார். 1915 வரை அங்கேயே இருந்தார். விற்ற வீட்டுக்குப் பதிலாக அவர் கட்டியது அந்த இல்லம்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி, லியோபோல்டின் ரப்பர். காங்கோவின் காட்டு ரப்பருக்காக அந்த மன்னரின் ஆட்சி ஊர் ஊராக மக்களைக் கட்டாய வேலையில் தள்ளியது, மறுத்த ஊர்களை எரித்தது. 1899இல், அரசுக்காக வரி வசூலிக்கும் ஸாப்போ ஸாப் படையினர் பியாங்கா பகுதியைச் சூறையாடுவதாகச் செய்தி வந்தது. விசாரிக்கப் போன ஷெப்பர்டை அவர்களின் தலைவன் ஏற்கெனவே தெரிந்தவர் என்பதால் முகாமுக்குள் விட்டான். பெருமையாகச் சுற்றிக் காட்டினான். அங்கே நெருப்பின் மேல் மனிதக் கைகள் புகையில் வாட்டப்பட்டுக்கொண்டிருந்தன. அரசுக்குக் கணக்குக் காட்ட வெட்டியவை. ஷெப்பர்ட் எண்ணினார். 81 வலது கைகள்.

அந்த எண்ணிக்கை உலகம் சுற்றியது. மார்க் ட்வெய்ன் 1905இல் லியோபோல்டைச் சாடி எழுதிய நூலிலும் ஷெப்பர்டின் பெயர் வந்தது. வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியும் குழுவாகப் போகும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். அவர் கதறவில்லை, பிரசங்கம் செய்யவில்லை, முதலில் எண்ணி எழுதிவைத்தார்.

1908இல் மிஷன் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலைநிமிர்ந்து, பெரிய வீடுகள் கட்டி, தன் வயலில் தானே உழுது வாழ்ந்த கூபா மக்கள் ரப்பர் கம்பெனியின் காவலர்களால் எப்படிச் சிதைந்தார்கள் என்று அதில் விவரித்தார். கசாய் கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது. மன்னிப்புக் கேட்க அவர் மறுத்தார். 1909 செப்டம்பரில் லியோபோல்ட்வில்லில் நடந்த விசாரணையில் அவருக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாட பெல்ஜியத்திலிருந்து வந்தவர் எமில் வாண்டர்வெல்ட், கடவுள் நம்பிக்கை இல்லாத சோசலிஸ்ட் தலைவர். அக்டோபர் 4 அன்று ஷெப்பர்ட் விடுதலையானார். கட்டுரை அந்தக் கம்பெனியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்ற நுணுக்கத்தைப் பிடித்துத்தான் நீதிபதி தீர்ப்பெழுதினார். நீதிமன்றங்களின் இந்தச் சாமர்த்தியமும் நமக்குப் புதிதில்லை.

ராஜாவின் மறுபிறவியாக அரண்மனையில் இருந்தபோது கிடைக்காத ஊர்க்காரன் என்ற உரிமை, அந்தக் குற்றவாளிக் கூண்டில்தான் அவருக்குக் கிடைத்தது என்பது எங்கள் வாசிப்பு. அந்த மக்களுக்கு நேர்ந்ததைத் தனக்கு நேர்ந்ததாக எண்ணிச் சிறைக்கும் தயாராக நின்றார்.

அவரைப் புனிதராக்கவும் நாங்கள் வரவில்லை. மனைவி லூசி தன் முதல் இரண்டு குழந்தைகளைக் காங்கோ மண்ணில் புதைத்தவர். அந்த லூசி இருக்க, அங்கிருந்த பெண்களோடு ஷெப்பர்டுக்கு உறவுகள் இருந்தன. 1910இல் அவர் ஊர் திரும்ப வேண்டி வந்தது, சபை விசாரணையில் ஒப்புக்கொண்டார், ஓராண்டு விலக்கி வைக்கப்பட்டார். அந்தப் பெண்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மிஷன் வரலாறு நெடுகிலும் இருக்கிற ஓட்டை இது. நம் இயக்க வரலாறுகளும் இதில் யோக்கியம் இல்லை.

1912 முதல் 1927இல் இறக்கும்வரை, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் கருப்பின மக்களின் சிறிய சபை ஒன்றில் போதகராக இருந்தார். கூபாவிலிருந்து கொண்டுவந்த துணிகளும் செதுக்கல்களும் அவர் படித்த ஹாம்ப்டனின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. வேன்ஸ்பரோவில் ஒரு வெள்ளைப் பெண்மணி பிற்காலத்தில் அவரைப் புகழ்ந்து நினைவுகூர்ந்தது பதிவாகியிருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்த பிறகும் அவர் தன் இடத்தை மறக்கவில்லையாம். வீட்டுக்கு வரும்போதெல்லாம் பின்வாசல் வழியாகத்தான் வருவாராம்.