மாம்பழத் துண்டின் முகவரி

உணவுப்பொருள் எந்த வயலில் விளைந்தது, யார் யார் கைமாறிக் கடைக்கு வந்தது என்று எழுதிவைக்கும் கட்டாயம் பெரும்பாலும் நோய்களுக்குப் பின்னால்தான் வந்தது. பைத்தியமாடு நோய் மனிதர்களுக்கும் தொற்றியிருக்கக்கூடும் என்று 1996 மார்ச்சில் பிரிட்டன் அரசு அறிவித்தது. அந்த அதிர்ச்சி ஓயும் முன்பே, 2002இல், ஐரோப்பிய ஒன்றியம் பொது உணவுச் சட்டம் இயற்றியது. சரக்கை யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்று ஒவ்வொரு வியாபாரியும் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்ற அதன் பிரிவு 2005 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அமெரிக்கா கேட்டதும் ஏறக்குறைய இவ்வளவுதான். பின்னால் ஒரு படி, முன்னால் ஒரு படி. அதற்கு அப்பால் இருந்தவர் யார் என்பது அடுத்தவர் ஏட்டில்தான் இருந்தது.

அந்த ஏற்பாட்டின் ஓட்டை 2006 செப்டம்பரில் தெரிந்தது. பசலைக்கீரையில் இருந்த ஈ.கோலை கிருமியால் அமெரிக்காவில் ஏறத்தாழ 200 பேர் நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள். எந்தக் கீரை என்று பிரித்தறிய முடியாத அரசு, பச்சைப் பசலைக்கீரையே தின்ன வேண்டாம் என்று நாடு முழுவதற்கும் சொல்ல நேர்ந்தது. கடைகளில் தட்டுகள் காலியாயின. கடைசியில் நோயாளிகள் வீட்டில் மிஞ்சிய பைகளில் இருந்த ‘பி227ஏ’ என்ற குறிதான் வழி காட்டியது. 227 என்பது ஆண்டின் 227ஆம் நாள், அதாவது ஆகஸ்டு 15. கலிபோர்னியாவில் ஒரே ஆலையில், ஒரே நாளில், ஒரே ஷிப்டில் அடைத்த கீரை அது. அதற்காக அந்தக் கீரையோடு சம்பந்தமே இல்லாத விவசாயிகளின் விளைச்சலும் குப்பைக்குப் போனது.

உணவின் தடத்தை அறிய இதற்குப் பின் முன்வைக்கப்பட்ட தொழில்நுட்பம் பிளாக்செயின். ஆனால் அது இதற்காகப் பிறந்ததல்ல. கணினி ஆவணத்தில் தேதியை யாரும் பின்னர் மாற்றிவிடாமல் தடுப்பது எப்படி என்று 1991இல் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆவணத்தைக் கணக்கிட்டு ‘ஹாஷ்’ என்ற ஒரு சிறு குறியை எடுக்கலாம். மூலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் குறி முற்றிலும் வேறாகிவிடும். ஒவ்வொரு பதிவிலும் முந்தைய பதிவின் ஹாஷைச் சேர்த்துவிட்டால், நடுவில் ஒன்றைத் திருத்தியவர் அதற்குப் பின்வந்த அத்தனையையும் திருத்தியாக வேண்டும். 1995 முதல் இவர்கள் தொடங்கிய நிறுவனம் வாரந்தோறும் ஒரு ஹாஷை நியூயார்க் டைம்ஸில் வரி விளம்பரமாகவே அச்சிட்டது. அச்சான செய்தித்தாளை யார் திருத்துவது? 2008இல் பிட்காயின் என்ற மின்பணத் திட்டம் இந்தச் சங்கிலியைப் பல கணினிகளில் ஒரே நேரத்தில் வைக்கும் வழியைச் சேர்த்தது; அதுவே பிளாக்செயின்.

உணவுக்கு இது வந்த கதையில் எல்லாரும் சொல்வது மாம்பழம். 2016இல் அமெரிக்கப் பெருங்கடை நிறுவனமான வால்மார்ட்டின் உணவுப் பாதுகாப்புத் தலைவர் பிராங்க் யியான்னாஸ், நறுக்கிய மாம்பழப் பொட்டலம் ஒன்றைத் தம் ஊழியர்களிடம் கொடுத்து, இது எந்தத் தோட்டத்துப் பழம் என்று கேட்டார். தொலைபேசி, மின்னஞ்சல், காகிதக் கட்டு என்று அலைந்து அவர்கள் விடை கொண்டுவர 6 நாள், 18 மணி, 26 நிமிடம் ஆயிற்று. ஐபிஎம்முடன் சேர்ந்து அமைத்த பிளாக்செயினில் அதே விடை 2.2 நொடியில் வந்தது. ஒப்பீடு சற்றே அநியாயமானது. தோட்டம், பொதி செய்யும் இடம், நறுக்கும் ஆலை என ஒவ்வொரு படியிலும் ஆட்கள் முன்கூட்டியே பதிந்துவைத்த உழைப்பு அந்த 2.2 நொடியில் சேரவில்லை.

2018 வசந்தத்தில் மறுபடியும் ஈ.கோலை; இம்முறை அரிசோனாவின் யூமா பகுதியில் விளைந்த ரோமெய்ன் லெட்டூஸ் என்ற இலைக்கீரையில். 210 பேர் நோயுற்றார்கள், ஐவர் இறந்தார்கள். அந்த செப்டம்பரில் வால்மார்ட் தனக்குக் கீரை விற்பவர்களுக்குக் கடிதம் எழுதியது: ஓராண்டுக்குள் தோட்டம் வரையிலான விவரம் பிளாக்செயினில் ஏறியிருக்க வேண்டும். தொழில்நுட்பத்தைவிட இந்தக் கடிதத்துக்கே பலம் அதிகம் என்று சொல்லலாம். வாங்குபவர் அவ்வளவு பெரியவர். அதே ஆண்டு பிரான்சில் கார்ஃபூர் கடைகளில் ஓவெர்ன் பகுதிக் கோழியின் உறையைக் கைபேசியில் ஸ்கேன் செய்தால் அது வளர்ந்த பண்ணை தெரிந்தது.

எழுதியதை அழிக்கவிடாமல் காப்பதோடு சங்கிலியின் வேலை முடிந்தது. பெட்டியில் ஒட்டிய சீட்டும் உள்ளே இருக்கும் பழமும் ஒன்றுதானா என்று அதற்குத் தெரியாது. அதை ஆய்வாளரும் ஆய்வுக்கூடமும்தான் பார்க்க வேண்டும். அத்தகைய சோதனையையும் சேர்த்த ஏற்பாடு முன்பே உண்டு: ஐரோப்பாவுக்குப் போகும் இந்தியத் திராட்சைக்கு, வேளாண் ஏற்றுமதிக்கான இந்திய அரசு அமைப்பான அபேடா 2006இலேயே ‘கிரேப்நெட்’ அமைத்தது. தோட்டப் பதிவும் பூச்சிமருந்து எச்சச் சோதனை முடிவும் அதில் உண்டு, பிளாக்செயின் இல்லை.

அமெரிக்க அரசு 2022 நவம்பரில் வெளியிட்ட தடமறிதல் விதியிலும் பிளாக்செயினுக்குக் கட்டாயம் இல்லை. நோய் பரவும் நேரத்தில் அரசு கேட்டால், பட்டியலில் உள்ள உணவுகளின் விவரத்தை வரிசைப்படுத்தக்கூடிய மின்னணு அட்டவணையாக 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால் போதும். 2026 ஜனவரி என்று வைத்த அதன் கெடு பிறகு 2028 ஜூலைக்குத் தள்ளிப்போனது.