நெய்வேலிச் சுரங்கநீர் ஏரிகள்

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி நகரியத்துக்குத் தெற்கேயும் கிழக்கேயும் பரவனாற்றின் போக்கில் அமைந்த வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவையும் அவற்றை ஒட்டிய தாழ்நிலங்களும். பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் வெளியேற்றும் நீரே இவற்றுக்கு ஆண்டு முழுவதும் வரத்து. தேசியப் பூங்காவும் அல்ல, சரணாலயமும் அல்ல, பாசன ஏரிகள்தாம். ஆனாலும் குளிர்காலத்தில் பறவை பார்க்க வருவோர் உண்டு.

இயல்பில் பரவனாறு மழையை நம்பிய சிற்றாறு. ஐப்பசி, கார்த்திகையில் பெருக்கெடுத்து வாலாஜாவை நிரப்பும். அங்கே வழிவது பெருமாள் ஏரிக்கு வரும். அதன் கலிங்கல் தாண்டியது கடலூர்ப் பழைய துறைமுகத்தருகே கடலை எட்டும். கோடையில் இரண்டும் ஒடுங்கிவிடும்.

இந்தக் கணக்கை மாற்றியது சுரங்கம். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது என்பதில் நெய்வேலியின் கதை தொடங்குகிறது. 1956 நவம்பர் 14இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கைக்கு எட்டியது. பெரிய தடை கரியல்ல, தண்ணீர். நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்தில் ஊற்றுநீர் இருக்கிறது. அதைக் குறைக்காமல் மேல்மண்ணை அகற்றினால் அடித்தளம் பிளந்து சுரங்கமே மூழ்கிவிடும். ஆகவே ஆழ்துளைக் கிணறுகளைச் சுற்றிலும் போட்டு இரவும் பகலும் இறைக்கிறார்கள். குழிக்குள் தேங்கும் மழைநீரும் இதோடு சேரும். ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் போக, மீதி பரவனாற்றில் விழுகிறது.

மழைக்கால ஆறு இப்படி வற்றாத ஆறானது. உழவர்களுக்கு இது வரவு, கூடவே செலவும். சுரங்கத்து மண் நீரோடு வந்து படிந்து இரண்டு ஏரிகளும் தூர்ந்தன. ஆழம் குறைந்த இடமெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் பிடித்துக்கொண்டன. தூர்வாரக் கேட்டு ஆயக்கட்டுதாரர்கள் பல ஆண்டுகள் மனுக் கொடுத்தார்கள். வாலாஜாவை நிலக்கரி நிறுவனமே 2010களில் தூர்வாரியது. பெருமாள் ஏரிப் பணி அதற்குப் பின்னரே வந்தது.

தூர்ந்த ஏரி உழவருக்கு நட்டம், நாரைக்கு லாபம். முழங்கால் ஆழச் சேற்றில் நத்தைகுத்தி நாரை இரை தேடுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். மூடியபோதும் அதன் அலகுகளின் நடுவே ஓர் இடைவெளி தெரியும். நத்தையை அலகு நுனியில் பிடித்து, கீழலகை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, தசையைத் துண்டித்து உருவுகிறது, ஓட்டை உடைப்பதில்லை. கூழைக்கடா, பாம்புத்தாரா, தாழைக்கோழி, நீர்க்காகம் எல்லாம் இங்கே உண்டு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் சேரும்.

மனிதன் விடும் நீரில் வாழும் சதுப்பு உலகுக்குப் புதிதல்ல. ராஜஸ்தானின் கேவலாதேவ், மன்னர்கள் வேட்டைக்காக அணைகட்டி நீர் தேக்கிய இடம். 1982இல் தேசியப் பூங்கா, 1985இல் உலகப் பாரம்பரியக் களம். பாஞ்சனா அணை நீர் வராமல் போன ஆண்டுகளில் அந்தப் பட்டங்கள் எதுவும் அதை ஈரமாக வைக்கவில்லை. பிறகு வேறு வழிகளில் நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. நெய்வேலியில் பட்டம் இல்லை, நீர் இருக்கிறது. பறவைகளின் பக்கம் நின்று பார்த்தால் இது மோசமான பேரமல்ல. சுரங்கம் ஓடும்வரை என்பதுதான் சிக்கல்.

இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றையே சுமார் 12 கி.மீ. புதுக் கால்வாயில் திருப்பும் பணி 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தை எட்டியது. நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. எப்போதோ கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். இழப்பீடும் வேலையும் போதவில்லை என்றார்கள் உழவர்கள். நெய்வேலியில் நடந்த போராட்டம் கலவரமாயிற்று. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

பெருமாள் ஏரிக்குக் குறிஞ்சிப்பாடி வழியாகச் செல்லலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். படகில் போய்ப் பார்க்க விரும்புவோருக்கு, சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காடு இதே மாவட்டத்தில் இருக்கிறது. 2022இல் அது ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.