கேரட்டும் களைக்கொல்லியும்



வகுப்பில் நான் சொன்ன ஒன்றை இன்று திருத்த வேண்டியிருக்கிறது. "களைக்கொல்லி செடிக்கு விஷம், அவ்வளவுதான்" என்று எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். போன மாதம் வேளாண்மை படிக்கும் பேத்தி, "தாத்தா, கேரட் திசுவை வளர்க்க நாங்கள் 2,4-டி தானே போடுகிறோம்" என்றாள். தூக்கிவாரிப் போட்டது. தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

செடியின் தனிச் செல்லைப் பிரித்து வளர்க்க முடியும் என்று 1902ல் சொன்னவர் ஆஸ்திரியாவின் ஹாபர்லாண்ட். அவரால் செய்துகாட்ட முடியவில்லை. 1939ல் பிரான்சில் கோத்தரே, நோபெகூர் இருவரும் கேரட் திசுவைக் கண்ணாடிக் குழாயில் தொடர்ந்து வளர்த்துக் காட்டினார்கள். 1958ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் குழுவினர் கேரட் கிழங்கின் செல்களிலிருந்து முழுச் செடியையே எடுத்தார்கள். அதற்கு அவர்கள் ஊட்டியது என்ன தெரியுமா? நம் தேங்காய்த் தண்ணீர்!

2,4-டி பிறந்த இடம் வேறு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ரகசியமாக ஆராய்ந்த மருந்து அது. 1945ல் களைக்கொல்லியாக விற்பனைக்கு வந்தது. வியட்நாம் காடுகளை அழித்த ஏஜென்ட் ஆரஞ்சில் பாதி இதுதான்.

செடியின் வளர்ச்சிக்கு ஆக்சின் என்ற ஹார்மோன் வேண்டும். 2,4-டி அதைப் போலவே நடிக்கும். ஆனால் இயற்கை ஆக்சினைப் போல எளிதில் சிதையாது. வயலில் ஹெக்டேருக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று தெளிக்கும்போது, அகன்ற இலைக் களைகள் தாறுமாறாக வளர்ந்து, முறுக்கிக்கொண்டு சாகின்றன. அதையே ஆய்வகத்தில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் சேர்த்தால், கேரட் துண்டின் செல்கள் பெருகி ஒரு திரளாகின்றன.

எனக்கு வியப்பளித்தது அடுத்த கட்டம்தான். அந்தத் திரள் 2,4-டியிலேயே இருக்கும்வரை வெறும் திரளாகவே பெருகும். மருந்து இல்லாத ஊட்டத்துக்கு மாற்றினால்தான் குட்டிக் குட்டிக் கருக்களாக முதிர்ந்து, வேரும் இலையும் விடும். 1960களின் கேரட் ஆய்வுகளில் இது தெளிவானது.

பிறகு மரவள்ளிக்கும் இதே வழி வந்தது. 1982ல் இங்கிலாந்தில் ஸ்டாம்ப், ஹென்ஷா இருவரும் 2,4-டி கொண்டு மரவள்ளியில் கருக்களை உருவாக்கினார்கள். 1996ல் பிக்ளோராம் என்ற இன்னொரு களைக்கொல்லியால், எளிதில் உதிரும் கருத் திசு கிடைத்தது. மரவள்ளியைக் குச்சி வைத்து நடுகிறோம். தாய்ச் செடியின் தேமல் நோய் குச்சியோடே வந்துவிடும். அந்த நோயைத் தாங்கும் ரகத்துக்கான மரபணு ஆய்வுகளுக்கு இந்தத் திசுதான் ஆதாரம்.

இதைப் படித்துவிட்டு யாரும் தோட்டத்தில் கொஞ்சமாகத் தெளித்துப் பார்க்க வேண்டாம். இது ஆய்வகத்துக் கணக்கு. வயலில் அது விஷம்தான்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நஞ்சும் அளவோடு இருந்தால் உதவும், உரிய நேரத்தில் எடுத்துவிட்டால்தான் உதவும் என்பதை இந்த வயதில் கற்றேன். உங்களை அதட்டி வளர்த்தவன் நான். அதட்டலை எப்போது நிறுத்த வேண்டும் என்பது எனக்குச் சில பிள்ளைகளிடம் தெரியாமல் போயிற்று. அவர்கள் இதைப் படித்தால் மன்னிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்