பூங்காவின் பரப்பும் பயன்பாடும்: சென்னையை முன்வைத்து

ஊரில் பூங்காக்கள் போதுமா என்று கேட்டால், நிருவாகம் பரப்பளவைக் காட்டுகிறது. ஒன்றிய அரசு 2014இல் வெளியிட்ட நகரத் திட்டமிடல் வழிகாட்டு நெறிகள் 15,000 பேருக்கு ஒரு ஹெக்டேர் அளவில் ஒரு பூங்கா கேட்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மாநகராட்சி எல்லை விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 26,500 பேர் வசித்தனர். அவ்வளவு நெருக்கத்தில் 15,000 பேர் அரை சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில் அடங்கிவிடுவர். நெறி நிறைவேறினால் பலருக்கும் பூங்கா நடைதூரத்தில் கிடைக்கும். ஆனால் அங்கே போய் என்ன செய்ய முடியும், யாரால் போக முடியும் என்பதைப் பரப்பளவு சொல்லாது.

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவைப் பாருங்கள். அமிர்தாஞ்சன் நிறுவனரின் பெயர் தாங்கிய அது ஏறத்தாழ நான்கு ஏக்கர்தான். நடைபாதை, சிறுவர் விளையாட்டிடம், ஷட்டில் ஆடுகளம், சதுரங்கம் ஆடுவோர் கூடும் மூலை, அவ்வப்போது குழந்தைகளின் கச்சேரி என ஒரே நிலத்தில் பல வயதினருக்கும் இடம் இருக்கிறது.

எல்லாப் பேட்டைகளுக்கும் இது வாய்க்கவில்லை. எட்டு வடிவ நடைபாதை, நான்கைந்து உடற்பயிற்சிக் கருவிகள், சில பெஞ்சுகள், ‘பந்து விளையாடக் கூடாது’ என்ற பலகை: பல பூங்காக்கள் இவ்வளவுதான். காலையில் நடக்க வரும் ஓய்வுபெற்றவருக்கு இது போதும். பதின்மூன்று வயதுப் பையனுக்குப் போதாது. அதே வயதுப் பெண்ணைப் பற்றி யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை. எங்கேனும் நண்பகலில் பூங்காவைப் பூட்டும் பழக்கம் இருந்தால், அது நிழல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் வீட்டுவேலை செய்யும் பெண்களையும் உணவு கொண்டு செல்லும் இளைஞர்களையும் வெளியே நிறுத்துகிறது.

பூங்கா யாருக்காக என்ற கேள்வியை வியன்னா 1990களிலேயே எழுப்பியது. பத்து வயதை ஒட்டிச் சிறுமியர் பூங்காவுக்கு வருவது குறைந்துவிடுவதை அங்கே ஆய்வாளர்கள் கண்டனர். மார்கரெட்டன் வட்டாரத்தில் இரு பூங்காக்களின் அமைப்பு மாற்றப்பட்டது: பெரிய ஆடுகளங்கள் பிரிக்கப்பட்டன, வாலிபால், பேட்மின்டன் ஆட இடம் வந்தது, பாதைகளும் வெளிச்சமும் மேம்பட்டன. சிறுமியர் திரும்பி வந்தார்கள். நிலம் அதே நிலம்தான்.

சென்னையில் நிலமும் ஒரு சிக்கல் என்பதை மறுக்க முடியாது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கியாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் ஈடாகப் பணம் செலுத்தலாம். அதற்குக் கீழே எதுவும் இல்லை. எனவே புதிய பூங்கா நிலம் பெரும்பாலும் புறநகரில்தான் உருவாகும். சிறு மனைகள் நெருங்கிய பழைய வடசென்னைத் தெருக்களுக்கு இவ்விதியால் பயன் சொற்பம்.

இருக்கும் நிலமும் கைநழுவலாம். ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ பணிக்காக 2011இல் மூடப்பட்டு, 2023இல்தான் மீண்டும் திறந்தது. மூடும்போது ஐந்து வயதாக இருந்த குழந்தைக்குத் திறக்கும்போது பதினேழு. பணிக்காலத்துக்கு அருகிலேயே மாற்று விளையாட்டிடம் தருவதைத் திட்ட அனுமதிக்கு நிபந்தனையாக்கியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு பூங்காவிலும் காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளைகளில் வருவோரை வயது, பாலினம், செய்யும் செயல் வாரியாக எண்ணுவது மாநகராட்சிக்குப் பெரிய செலவல்ல. அந்தக் கணக்கை வார்டு குழுவின் முன் வைத்த பிறகே அடுத்த சீரமைப்புக்கு நிதி ஒதுக்கலாம். நண்பகல் பூட்டைத் திறப்பதற்கும் ஒரு மூலையைப் பந்தாட்டத்துக்கு விடுவதற்கும் அதுவரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை.