பாடக் கூடாத மரம்

1954 அக்டோபர் 18. வில்லியனூர் கொம்யூனில் இருக்கிற கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவு. நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. அதே 1954இல்தான் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்து கராட் கம்பெனி, 301 என்ற டர்ன்டேபிளை விற்பனைக்கு விட்டது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்கு ஆண்டு ஞாபகம் இருப்பது மட்டும் அதனால்தான்.

301 பெட்டி இல்லாமல் வந்தது. மோட்டார், சுழலும் தட்டு, மேல்தகடு, அவ்வளவுதான். அடிப்பெட்டி வாங்கியவர் பொறுப்பு. இன்றுவரை உலகம் முழுக்க ஆட்கள் வீட்டில் மரம் அறுத்து, பசை தடவி, சண்டை போட்டுக்கொண்டிருப்பது இதனால்தான்.

சண்டைக்குக் காரணம் இருக்கிறது. அந்த மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்று சுற்றும், வினாடிக்கு 25. ஒரு ரப்பர் சக்கரம் அந்த ஓட்டத்தைத் தட்டுக்குக் கடத்துகிறது, கூடவே அதிர்வையும். ஊசிக்கு எது பாட்டு, எது மோட்டார் என்று தெரியாது. பள்ளத்தில் வருகிற எல்லா அசைவையும் அது ஒலியாக்கிவிடும். 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் வேறு வழி பிடித்தார்: தட்டையும் ஊசிக்கையையும் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, பெல்ட்டால் சுற்றவைத்தார். அழகான தீர்வு. ஆனால் கராட் மாதிரி முரட்டு யந்திரத்தை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கனத்தைத்தான் நம்பினார்கள்: அடுக்கு பிளைவுட், ஸ்லேட் கல்.

நம்ம பக்கம் கனத்துக்குப் பஞ்சமில்லை. சமையல்மேடைக்குப் போடுகிற கடப்பா கல் மலிவு. விரலால் தட்டிப் பாருங்கள், மணி மாதிரி கேட்கும். அதுதான் சிக்கல். வில்லியனூர் சுடுமண்ணுக்குப் புவிசார் குறியீடே உண்டு, ஆனால் நன்றாக வெந்த பானையை நாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? 'டங்'கென்று கேட்டால்தானே வாங்குகிறோம்.

பாகூர்க்காரர்களுக்குப் பண்ருட்டி பக்கத்து ஊர். பலா மரம் தஞ்சாவூருக்கு வீணையாகப் போகிற ஊர். அந்த மரத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். என் கணக்கில் இருப்பதிலேயே மோசமான யோசனை இதுதான். தந்தி அதிர்ந்தால் கூடவே பாட வேண்டும் என்பதற்காகத்தானே வீணைக்குப் பலா. டர்ன்டேபிளின் அடிப்பெட்டி வாயைத் திறக்கவே கூடாது.

பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கின் ரேகையும் அடுத்ததற்குக் குறுக்கே போகிறது, நடுவில் பசை. அதிர்வு சீக்கிரம் சோர்ந்துவிடும். 1950களில் வார்ஃப்டேல் கம்பெனியின் கில்பர்ட் பிரிக்ஸ் இதற்கு மேலும் ஒரு படி போனார். ஸ்பீக்கர் பலகைக்காக இரண்டு பிளைவுட் நடுவே மணலை நிரப்பினார். மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசும்போது அதிர்வு வெப்பமாகிக் காணாமல் போகும்.

50 சென்டிமீட்டருக்கு 40, நடுவில் 2 சென்டிமீட்டர் இடைவெளி. 4 லிட்டர், கிட்டத்தட்ட 6 கிலோ மணல். சலித்து, ஈரம் போக வறுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஐப்பசி மழையில் பிளைவுட் ஊதிவிடும். வெளியே சுற்றிலும் இடித்த வீட்டுப் பழைய தேக்குப் பட்டை போதும். அது பார்வைக்கு.