பென்சிலா, பேனாவா? கிரே இங்க் ட்ரை பண்ணலாம் வாங்க!

இங்க் பேனா வெச்சிருக்கிற பலரும் நீலம், கருப்பு, போனால் போகிறதென்று ஒரு பச்சை... அத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். சாம்பல் நிறத்துலயும் இங்க் இருக்குனு சொன்னா, ‘அதுக்குத்தான் பென்சில் இருக்கே பாஸ்!’ என்பார்கள். ஆனால், பென்சிலில் கிடைக்காத ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

நாம் ட்ரை பண்ணியது ஜப்பானின் பைலட் நிறுவனத்தின் ‘கிரிசமே’. 2007-ல் தொடங்கிய ‘இரோஷிசுகு’ வரிசை இங்க் இது. ‘இரோ’ என்றால் நிறம், ‘ஷிசுகு’ என்றால் துளி. கிரிசமே என்பது பனிபோல இறங்கும் தூறல். எழுதிப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும். இதே வரிசையில் வரும் ‘ஃபுயு ஷோகுன்’ கொஞ்சம் நீலம் தட்டும் கிரே. அதற்கு ‘குளிர்காலத் தளபதி’ என்று அர்த்தமாம். இங்க்குக்கு என்னா பில்டப்!

கிரேயின் ஸ்பெஷல், ஷேடிங். ஒரு கோடு இழுத்து முடிக்கும் இடத்தில் இங்க் கொஞ்சம் தேங்கும். அந்த இடம் காய்ந்ததும் அடர்த்தியாகத் தெரியும், கோட்டின் நடுப்பகுதி வெளிறியிருக்கும். கருப்பு இங்க்கிலும் இது நடக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. கிரேயில் ‘ழ’ எழுதினால் அதன் ஒவ்வொரு வளைவும் தனி டோனில் நிற்கும்.

இதற்கு நிப் முக்கியம். ஃபைன் நிப்பில், அதுவும் ஜப்பான் ஃபைன் என்றால் இன்னும் மெல்லிசு, எழுத்து வெளிறிப்போய்க் கண்ணைச் சுருக்க வைக்கிறது. மீடியம் அல்லது பிராட் நிப்தான் செட்டாகும். பேப்பரும் அப்படித்தான். இங்க்கை உறிஞ்சிக்கொள்ளும் சாதா நோட்டில் ஷேடிங் காணாமல் போய்விடும். வழவழப்பான, கொஞ்சம் கனமான தாளில் எழுதிப் பாருங்க.

கிரே என்பது கருப்பில் தண்ணி ஊத்தினது மட்டுமில்லை. பல இங்க்குகளில் வெவ்வேறு சாயங்களைக் கலந்துதான் அந்த நிறத்தைக் கொண்டுவருகிறார்கள். செய்லர் நிறுவனத்தின் ‘123’ இதற்குப் பேர்போனது. தாளைப் பொறுத்து ஊதாவாகவும் பச்சையாகவும் மாறி மாறித் தெரியும். நீங்களே செக் பண்ணலாம். டிஷ்யூ துண்டில் ஒரு புள்ளி வைத்து, அதன் கீழ் நுனியை மட்டும் தண்ணீரில் தொடவிடுங்க. ஈரம் மேலே ஏற ஏற சாயங்கள் பிரியும்.

இம்போர்ட்டட் பாட்டில் பட்ஜெட்டில் துண்டு விழுந்தால், வீட்டிலிருக்கும் கருப்பு இங்க்கில் சில சொட்டு டிஸ்டில்டு வாட்டர் கலந்து முன்னோட்டம் பாருங்க. ஒருதடவைக்கு வேண்டியதை மட்டும் கலந்தால் போதும். ஆர்ட் கடையில் விற்கும் ‘இண்டியன் இங்க்’ பக்கம் மட்டும் போகாதீங்க. அது காய்ந்தால் பேனாவே அடைத்துக்கொள்ளும்.

டைரி, லெட்டர், ஸ்கெட்ச் எல்லாவற்றுக்கும் கிரே ஓகே. பரீட்சைக்கு நோ. நோட்ஸை மொபைலில் ஸ்கேன் செய்து நண்பர்களுக்கு அனுப்புகிறவர் என்றால் உஷார்... பிளாக் அண்டு வொயிட் மோடில் மெல்லிய கிரே எழுத்துகள் அப்படியே மறைந்துவிடும். இன்று பேங்க் செக்குகளும் ஸ்கேன் செய்த படமாகத்தான் கிளியரிங் போகின்றன. அதனால், கையெழுத்துக்கு அந்தப் பழைய நீலப் பேனாவையே எடுங்க!